காற்றாலை, சூரியமின் தளங்களில் பாதுகாப்பு அலுவலர் ஆவது எப்படி? முழுமையான வழிகாட்டி

80 மீட்டர் உயரக் காற்றாலையின் உச்சியிலிருந்து ஒரு ஸ்பேனர் கைதவறி விழுந்தால் தரையைத் தொட நான்கு விநாடிதான் ஆகும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அதே கோபுரத்தின் நிழலைத் தேடித்தான் வெயில் நேரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் வந்து உட்காருவார்கள். முப்பந்தல் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அப்படி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மேலே இரண்டு பேர் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே தடுப்பு நாடா கட்டியிருந்தார்கள். ஆனால் காலையில் கட்டிய நாடா அது. நிழல் நகர நகரப் பெரியவரும் நகர்ந்து நாடாவுக்குள் வந்துவிட்டார். "தாத்தா, மேலே வேலை நடக்கிறது, அந்தப் பனை மரத்தடிக்குப் போய் உட்காருங்கள்" என்று நான் சொன்னதும் எழுந்து போனார். அன்று எதுவும் விழவில்லை. இருந்தாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பசுமை மின்சாரத் துறையில் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு வர விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் சான்றிதழைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதையும் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிற்சாலையில் ஆபத்து என்றால் பிரதான சுவிட்சை அணைக்கலாம். காற்றுக்கும் சூரியனுக்கும் சுவிட்ச் கிடையாது. ஆகவே இங்கே வேலையைத்தான் நிறுத்த வேண்டும், மனிதரைத்தான் காத்திருக்கச் செய்ய வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் அந்தத் திறமையை நோக்கித்தான் போகின்றன.

1. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் காற்றாலைகள் கணவாய்களை ஒட்டி இருக்கின்றன: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப்பேட்டை போன்ற ஊர்ப் பெயர்களை வேலை விளம்பரங்களில் அடிக்கடி பார்ப்பீர்கள். பெரிய சூரியமின் நிலையங்கள் வறண்ட நிலத்தைத் தேடிப் போயிருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் அப்போது உலகின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது.

இரண்டிலுமே கட்டுமானம், பராமரிப்பு என இரு வேறு வாழ்க்கைகள் உண்டு. கட்டுமானத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள், கிரேன்கள், பள்ளங்கள், லாரிகள். சில மாதங்களில் தளம் முடிந்துவிடும், அடுத்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். பராமரிப்பில் ஆட்கள் குறைவு. ஆனால் பல கிராமங்களில் சிதறிக் கிடக்கும் நூறு கோபுரங்களுக்கு நீங்கள் ஒருவரே பொறுப்பாக இருக்கக்கூடும். புதிதாக வருபவர் கட்டுமானத்தில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் பராமரிப்புக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. பத்து வகை ஆபத்தை ஒரே இடத்தில் பார்க்க வேறு வழி இல்லை.

2. படிப்பும் சான்றிதழும்

இந்த இடத்தில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

சட்டப்படியான பாதுகாப்பு அலுவலர் ஆக வேண்டுமானால் அடிப்படையாகப் பொறியியல் பட்டமோ, டிப்ளமாவோ, இயற்பியல் அல்லது வேதியியல் பட்டமோ வேண்டும். அதோடு மேற்பார்வைப் பொறுப்பில் சில ஆண்டு அனுபவம் வேண்டும். அதற்கும் மேல் தொழிலகப் பாதுகாப்பில் அங்கீகரிக்கப்பட்ட டிப்ளமா வேண்டும். மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே நடத்தப்படும் ஓராண்டு உயர்நிலை டிப்ளமாவுக்கு நாடெங்கும் மதிப்பு உண்டு. முதுநிலைப் படிப்பாகவே படிக்க விரும்பினால் திருச்சி என்ஐடியிலும் சிவகாசி மெப்கோ கல்லூரியிலும் தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல் இருக்கிறது. "மூன்றே மாதத்தில் சேஃப்டி டிப்ளமா" என்று பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பணம் கட்டும் முன், அந்தச் சான்றிதழைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஏற்குமா என்று அந்த அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள்.

நெபோஷ் என்ற பிரிட்டிஷ் சான்றிதழ் வளைகுடா நாடுகளுக்குப் போகவும் தனியார் நிறுவன நேர்காணலுக்கும் உதவும். நம் சட்டம் கேட்கும் டிப்ளமாவுக்கு அது மாற்று ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கையில் நெபோஷ் வைத்துக்கொண்டு, சட்டப்படியான பதவி கிடைக்கவில்லையே என்று வருந்தும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றாலைக்கு மட்டும் இன்னொரு சீட்டு தேவை. ஜிடபிள்யூஓ எனப்படும் உலகக் காற்றாலை அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி அது. உயரத்தில் வேலை, முதலுதவி, தீ விழிப்புணர்வு, சுமை கையாளுதல் ஆகியவை நிலத்துக்கு. கடலில் வேலை என்றால் கடலில் உயிர் பிழைத்தலும் சேரும். இது இரண்டு ஆண்டுக்கு மட்டுமே செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இது இல்லாதவரைப் பெரிய காற்றாலை நிறுவனங்கள் பலவும் கோபுரத்தில் ஏற விடுவதில்லை. கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் டிப்ளமாவை முடியுங்கள். இந்தப் பயிற்சியை வேலை தரும் நிறுவனமே பெரும்பாலும் தன் செலவில் தந்துவிடும்.

சட்டத்தையும் மேலோட்டமாகவாவது தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை பேர் வேலை செய்தால் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயம் நியமிக்க வேண்டும் என்பதற்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1,000 தொழிலாளர் என்ற அளவை வைத்திருந்தது. 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 500 பேர் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தொழிற்சாலைக்கு 500, அபாயகரமான தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் 250 என்று அளவைக் குறைத்திருக்கிறது. சூரியமின் தளம் கட்டும்போது இந்த எண்ணிக்கையை எளிதில் தாண்டிவிடும், ஆகவே இது உங்களுக்கு வேலைவாய்ப்பு. பராமரிப்பில் இத்தனை பேர் இருக்க மாட்டார்கள். அங்கே கடன் தந்த வங்கியும் முதலீட்டாளரும் போடும் நிபந்தனைதான் உங்கள் பதவியைத் தாங்கி நிற்கும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள் மின் பாதுகாப்பு அலுவலர் என்று வேறொரு பொறுப்பையும் சொல்கின்றன. அது மின் பொறியியல் படித்து அனுபவம் பெற்றவருக்கானது. உங்களிடம் அந்தத் தகுதி இல்லாமல் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு தகுதியும் விதிகளில் இருக்கிறது, பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. அங்கே பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது அது. இன்று ராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ சூரியத்தகடு மாட்டும் ஆட்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். "நில்", "தொடாதே", "இறங்கு", "தண்ணீர் குடி", "தலை சுற்றுகிறதா" ஆகியவற்றையாவது இந்தியில் கற்றுக்கொள்ளுங்கள். அந்த ஐந்தும் தெரியாமல் நான் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

3. பணியாணையில் கையெழுத்திடும் முன்

இரண்டு கேள்வி கேளுங்கள். நான் யாருடைய ஊழியர், நிறுவனத்துக்கா ஒப்பந்ததாரருக்கா? நான் யாருக்குக் கீழே வருகிறேன், தளப் பொறுப்பாளருக்கா தலைமை அலுவலகப் பாதுகாப்புத் துறைக்கா? வேலையை முடிக்க வேண்டிய பொறுப்பில் இருப்பவரே உங்கள் சம்பள உயர்வையும் எழுதுகிறார் என்றால், அவரை எதிர்த்து வேலையை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சேர வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர்ந்தால், வேலையை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளில் கேட்டால் கிடைக்கும். பிரச்சினை வந்த அன்று கேட்டால் கிடைக்காது.

4. காற்றாலையில் முதல் மாதம்

முதலில் ஏறுங்கள். ஏணிப்படி ஒவ்வொன்றாக, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, உச்சியில் இருக்கும் பெட்டி அறையான நாசெல் வரை ஏறுங்கள். பாதி வழியில் தொடை நடுங்கும். வியர்வை கண்ணில் இறங்கும். உடலோடு மாட்டிய பாதுகாப்பு பெல்ட்டின் வார் கவட்டில் அறுக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே கருவியைக் கையில் எடுக்கும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். பத்து நிமிட ஓய்வைப் பணித்திட்டத்தில் எழுத வேண்டும் என்று அதன் பிறகுதான் எனக்குத் தோன்றியது. ஏறாத பாதுகாப்பு அலுவலரின் பேச்சைக் காற்றாலை டெக்னீசியன்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள்.

பெல்ட்டை நீங்களே சோதிக்கப் பழகுங்கள். நம் ஊர்த் தரம் ஐஎஸ் 3521. நாடாவை விரலிடுக்கில் வளைத்து ஒவ்வொரு சாணாகப் பாருங்கள்: அறுபட்ட இழை, வெளுத்த நிறம், எண்ணெய்க் கறை, பிரிந்த தையல். தொடை வாருக்குள் விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், மூடிய கைமுட்டி நுழையக் கூடாது. விழுந்த ஒருவரை ஒருமுறை தாங்கிய பெல்ட்டை அன்றே வெட்டிப் போடுங்கள். ஸ்டோரில் வைத்தால் அடுத்த மாதம் வேறொருவர் மாட்டிக்கொள்வார்.

ஒரு கணக்கைச் சுவரில் எழுதி வையுங்கள். கொக்கி மாட்டிய கயிறு 2 மீட்டர். விழும்போது அதிர்ச்சி தாங்கி பிரிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். எச்சரிக்கை இடைவெளி 1 மீட்டர். மொத்தம் 6.25 மீட்டர். கொக்கி மாட்டிய புள்ளியிலிருந்து கீழே இவ்வளவு காலி இடம் இல்லையென்றால், அந்தக் கயிறு அவரைப் பிடிப்பதற்கு முன் தரை பிடித்துவிடும். ஐந்து மீட்டர் உயரக் கூரையில் சூரியத்தகடு மாட்டுபவர் இந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பார். அந்த நிம்மதிதான் ஆபத்து. அங்கே விளிம்பு வரை போகவே முடியாத அளவு கயிறு, அல்லது தடுப்புக் கம்பி, அல்லது வலை வேண்டும்.

அடுத்தது மீட்பு. விழுந்தவர் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறார், உயிரோடு இருக்கிறார், அப்பாடா என்று நினைக்காதீர்கள். அசையாமல் தொங்கும்போது கால்களில் இரத்தம் தேங்கும், சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிருக்கும் ஆபத்து. கிராமத்துக்கு வரும் தீயணைப்பு வண்டியின் ஏணி அங்கே எட்டாது. உடன் இருக்கும் சக ஊழியர்தான் இறக்க வேண்டும். ஆகவே ஒருவர் தனியாக ஏறக் கூடாது, ஏறும் இருவருமே மீட்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

நான் நடத்திய முதல் ஒத்திகையில் மணல் நிரப்பிய பொம்மையை இறக்க 43 நிமிடம் ஆனது. அதில் 30 நிமிடம் மீட்புப் பையைத் தேடியதில் போயிற்று. பை பூட்டிய ஸ்டோரில் இருந்தது. சாவி ஸ்டோர் கீப்பரிடம். அவர் நாகர்கோவிலுக்குப் போயிருந்தார். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. "மீட்புக் கருவி: உள்ளது" என்று நானே முந்தைய வாரம் டிக் அடித்திருந்தேன். அன்றிலிருந்து என் தளத்தில் மீட்புப் பை ஏறுபவர்களோடுதான் ஏறும். பை மேலே போகாமல் வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட் கிடையாது.

நெதர்லாந்தின் ஓல்ட்ஹென்ஸ்பிளாட்டில் 2013 அக்டோபரில் நடந்ததை உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். பராமரிப்பு வேலையின்போது நாசெல் தீப்பிடித்தது. மேலே இருந்த நால்வரில் இருவர் தப்பினார்கள், இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். உள்ளே போன வழியைத் தீ மறித்துவிட்டால் வேறு வழி எது என்ற கேள்வியை ஏறும் முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வெளிப்பக்கமாகக் கயிற்றில் இறங்கும் கருவி எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டச் சொல்லுங்கள்.

சுழலும் பாகத்தில் வேலை என்றால், குறிப்பாக இறக்கைகள் சேரும் நடுக்குடமான ஹப்புக்குள் நுழைவது என்றால், பிரேக் மட்டும் போதாது. ரோட்டர் பூட்டு ஊசி முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும், ஹைட்ராலிக் சேமிப்புக் கலனின் அழுத்தம் வடிந்திருக்க வேண்டும். எந்தக் காற்று வேகத்தில் எந்த வேலை செய்யலாம் என்று அந்த மாடலின் கையேட்டில் வேலைவாரியாக இருக்கும். ஹப் வேலைக்கு ஓர் எண், கிரேன் தூக்குவதற்கு ஓர் எண். அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஜீப்பில் ஒட்டி வையுங்கள். பொதுவான எண் எதையும் வாய்ப்பாடாக நம்பாதீர்கள், என் வாயிலிருந்து வந்தாலும்.

பழைய காற்றாலைகளைக் கழற்றிப் புதியவை நிறுத்தும் வேலை இப்போது கூடிவருகிறது. தமிழ்நாடு அரசு 2024-இல் இதற்கென்றே கொள்கை வெளியிட்டது. முப்பது ஆண்டு உப்புக் காற்றையும் மழையையும் வாங்கிய கம்பிச் சட்டகக் கோபுரத்தில் ஏறுவதும் போல்ட் கழற்றுவதும் புதிது கட்டுவதைவிட ஆபத்தானது. ஏணியின் வெல்டிங்கைப் பொறியாளர் பார்த்துச் சான்று தராமல் முதல் படியில் கால் வைக்க விடாதீர்கள்.

5. சூரியமின் தளம்: அணைக்க முடியாத மின்சாரம்

வெளிச்சம் படும்வரை தகடு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டரை நிறுத்தினாலும் தகட்டிலிருந்து வரும் ஒயரில் அழுத்தம் அப்படியே இருக்கும். இன்றைய பெரிய தளங்களில் அது 1,500 வோல்ட் வரை, அதுவும் நேர் மின்னோட்டம். வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, அதனால் அதில் எழும் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. நேர் மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஒயர் இணைப்பியைப் பிடுங்கினால் பொறி நீண்டு எரியும், உலோகத்தை உருக்கும்.

இந்தி தெரியாமல் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்த நாள் இதுதான். நண்பகல். ஒடிசாவிலிருந்து வந்த, இருபது வயதைத் தாண்டாத ஒரு தம்பி, பழுதான தகட்டை மாற்றச் சொன்னார்கள் என்று நேராகப் போய் இணைப்பியில் கை வைத்துவிட்டார். நான் இருபது அடி தூரத்திலிருந்து "தொடாதே, தொடாதே" என்று தமிழில் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பிடுங்கினார். வெல்டிங் வெளிச்சம் போல ஒரு நீல வெளிச்சம், பிறகு கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் தோல் வெந்திருந்தது. கை பிழைத்தது. நான் கத்தியது அவருக்கு ஊக்கமூட்டுவதாகத் தோன்றியிருக்கிறது. அந்த வாரமே இந்தி வகுப்புக்குச் சேர்ந்தேன்.

ஆகவே வரிசை இதுதான், ஒன்றையும் மாற்றாதீர்கள்:

- இன்வெர்ட்டரை நிறுத்துங்கள், பிறகு நேர் மின்னோட்டச் சுவிட்சைத் திறங்கள்.
- பூட்டுப் போட்டு, பெயரெழுதிய சீட்டை மாட்டுங்கள். சாவி வேலை செய்பவரின் பையில் இருக்கட்டும்.
- இன்வெர்ட்டரின் மின்தேக்கிகள் வடிய அதன் மேல் எழுதியிருக்கும் நிமிடங்களைக் கடிகாரம் பார்த்துக் காத்திருங்கள்.
- ஒயரில் ஓட்டம் இல்லை என்று கிளாம்ப் மீட்டரால் உறுதிசெய்த பிறகே இணைப்பியைக் கழற்றுங்கள்.
- மீட்டரை முதலில் உயிருள்ள, அதாவது மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துச் சோதியுங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடி உயிருள்ள இடத்தில். மீட்டரே செத்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும்.

மீட்டரில் 1,000 வோல்ட் என்று எழுதியிருந்தால் அதை 1,500 வோல்ட் தளத்துக்குள் கொண்டுவரவே கூடாது. 33 கிலோவோல்ட் பாதையில் கை வைக்கும் முன் மின்வாரியத்திடம் லைன் கிளியர் (பாதையில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற அனுமதி) வாங்கி, இரு புறமும் எர்த் கம்பி போட வேண்டும். "வாங்கியாகிவிட்டது" என்று போனில் சொன்னால் போதாது. அனுமதி எண், நேரம், தந்தவரின் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்கு இணையாக வெயிலைச் சொல்வேன். நிழலே இல்லாத ஆயிரம் ஏக்கர், கீழே கருவேல வேர், மேலே தொட்டால் சுடும் இரும்புச் சட்டம். கால் மணியிலிருந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயில் வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுங்கள். ஊரிலிருந்து ரயிலில் மூன்று நாள் வந்து இறங்கியவரை மறுநாள் காலையே முழு வேலைக்கு அனுப்பும் ஒப்பந்ததாரரோடு இதற்காகச் சண்டை போட வேண்டியிருக்கும், போடுங்கள். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், முதலில் நிழலுக்குத் தூக்கி வந்து உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிர்வியுங்கள். வண்டி வந்துகொண்டிருக்கட்டும், குளிர்விப்பது காத்திருக்கக் கூடாது.

பாம்பு. தகடுகளின் நிழலும் கேபிள் பள்ளமும் எலிகளும் இருக்கும் இடத்தில் அது இல்லாமல் இருக்காது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், ஆகவே பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. கடித்த இடத்தைக் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. கை காலை அசைக்காமல், கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மருந்து இருப்பு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருத்துவமனையில் இருப்பு உண்டு என்பதைத் தளம் தொடங்கும் வாரத்திலேயே நேரில் போய் விசாரித்துவையுங்கள்.

108-ஐ அழைத்தால் "எங்கே வர வேண்டும்" என்பார்கள். "எழுபத்திரண்டாம் நம்பர் டவர்" என்று சொன்னால் ஓட்டுநருக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு கோபுரத்துக்கும் மிக அருகில் உள்ள தார்ச்சாலை, கோயில், பஸ் நிறுத்தம் ஆகியவற்றை எழுதிய அட்டை எல்லா வண்டியிலும் இருக்கட்டும். ஒருவர் பைக்கில் அந்த இடத்துக்குப் போய் நின்று அழைத்துவர வேண்டும்.

6. காலைக் கூட்டமும் பெர்மிட்டும்

காலைக் கூட்டத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். நேற்று என்ன தவறவிருந்தது, இன்று எங்கே வேலை, காற்று எப்படி, யார் யாரோடு, இவ்வளவுதான். நீங்கள் பேசுவதைவிடக் கேள்வி கேளுங்கள்: "இன்று இந்த வேலையில் உனக்கு எது பயம்?" முதல் வாரம் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் வாரம் யாராவது வயதான ஹெல்பர் ஒருவர், "சார், அந்தக் கப்பி சத்தம் போடுகிறது" என்பார். அன்றே அந்தக் கப்பியை மாற்றிக் காட்டுங்கள். அதன் பிறகு எல்லோரும் பேசுவார்கள். மாற்றாமல் விட்டால் இனி ஒருவரும் பேச மாட்டார்கள்.

பெர்மிட்டை அலுவலக மேசையில் வைத்துக் கையெழுத்திடாதீர்கள். கோபுரத்தின் அடியில், தகட்டு வரிசையின் முனையில் நின்று, ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். என் 43 நிமிடக் கதை நினைவிருக்கட்டும்.

7. நிறுத்தச் சொல்லும் நாள்

மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான். அப்போது ஒரு காற்றாலை நின்றால் தொலைபேசி ஓயாது. ஒரு ஜூன் மாத மாலை, ஒரு பெரிய இயந்திரம் நின்றுவிட்டது. ஹப்புக்குள் ஒரு சென்சார் மாற்ற வேண்டும். காற்று கையேட்டின் வரம்புக்கு மேலே, கொஞ்சம்தான் மேலே. தளப் பொறுப்பாளர் நல்ல மனிதர். "இரண்டு பேரும் அனுபவசாலிகள், இருபது நிமிட வேலை" என்றார். டெக்னீசியன்கள் இருவரும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். ஏறத் தயார் என்றார்கள். ஆனால் மூத்தவரின் கை கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

நான் வாதம் செய்யவில்லை. கையேட்டுப் பக்கத்தைக் காட்டினேன், காற்றுமானியின் எண்ணைக் காட்டினேன், "அதிகாலை நாலரைக்குப் பார்ப்போம், காற்று குறைந்திருந்தால் நானே உடன் வருகிறேன்" என்றேன். இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். வெறுமனே "கூடாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவரை யாரும் அடுத்த முறை கேட்க மாட்டார்கள். எப்போது முடியும், எப்படி முடியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதிகாலையில் காற்று தணிந்திருந்தது. ஆறரைக்கு இயந்திரம் ஓடியது. இழப்பு ஓர் இரவு மின்சாரம். அந்த மாதம் எனக்கு வந்த மின்னஞ்சல் இனிமையானதாக இல்லை. பதில் எழுதும்போது அந்த எண்களை மட்டுமே எழுதினேன்.

8. விபத்து நடந்துவிட்டால்

முதலில் ஆள், பிறகு இடம், பிறகு காகிதம். இடத்தைக் கலைக்க விடாதீர்கள். பார்த்தவர்களைத் தனித்தனியாக, அன்றே, உட்கார வைத்து டீ கொடுத்துக் கேளுங்கள். "கவனக்குறைவு" என்ற சொல்லைக் காரணமாக எழுதாதீர்கள். ஏன் கவனம் சிதறியது, பன்னிரண்டு மணி நேர வேலையா, கருவி பொருந்தவில்லையா, புரியாத மொழியா என்று அதற்குக் கீழே தோண்டுங்கள்.

மறைக்கச் சொல்லி அழுத்தம் வரும். அதன் கணக்கு இது: 200 பேர், நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 4,80,000 மணி. ஒரே ஒருவர் காயத்தால் ஒரு நாள் வேலைக்கு வராமல் போனாலும், பத்து லட்சம் மணி நேர வேலைக்கு எத்தனை விபத்து என்ற வீதம் 2-ஐத் தாண்டிவிடும். அந்த எண் அடுத்த ஒப்பந்தத்தைப் பாதிக்கும் என்பதால், எலும்பு முறிந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து "பணியில் இருக்கிறார்" என்று எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். அவருக்குச் சட்டப்படி வர வேண்டிய இழப்பீடு அந்தப் பதிவேட்டை நம்பித்தான் இருக்கிறது. ஊரில் அவர் அனுப்பும் பணத்துக்குக் காத்திருக்கும் குடும்பமும் அதை நம்பித்தான் இருக்கிறது.

9. இனி வரப்போவதும் கற்க வேண்டியதும்

சூரியமின் தளங்களோடு லித்தியம் பேட்டரிக் கிடங்குகளும் வரத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2019 ஏப்ரலில் ஒரு பேட்டரிக் கட்டடத்தில் புகை வந்தது. சில மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது உள்ளே சேர்ந்திருந்த வாயு வெடித்து நான்கு தீயணைப்பு வீரர்கள் படுகாயம் அடைந்தார்கள். நெருப்பு தெரியவில்லை என்பதால் ஆபத்து நீங்கவில்லை. இங்கே உங்கள் தளத்துக்குப் பேட்டரிக் கொள்கலன் இறங்கும் முன்பே உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்துவந்து, கதவைத் திறக்கக் கூடாது என்பதையும், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பதையும் காட்டிவிடுங்கள். மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலைக்கான திட்டம் பேச்சில் இருக்கிறது; நீச்சல் தெரியாதவர்கள் இப்போதே கற்றுக்கொள்ளலாம்.

10. மாலை

வேலை முடிந்ததும் பெர்மிட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்குப் போங்கள். காலையில் ஏறியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, டிக் போடுங்கள். பெல்ட்டுகளை எண்ணுங்கள், ஸ்பேனர்களையும் எண்ணுங்கள். மேலே விட்டு வந்த ஒரு ஸ்பேனர் நாளை யார் தலைக்கு மேல் சுழலும் என்று தெரியாது. சுவிட்சில் மாட்டிய பூட்டுகள் எல்லாம் திரும்பி வந்தனவா என்று பாருங்கள். ஒரு பெயர் குறைந்தாலும் வண்டி கிளம்பக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் தடுப்பு நாடாவை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஏறிக்கொள்ளுங்கள். ஆடுகள் மறுபடி அங்கே வரலாம்.